மாதத் தவணை மனையும் நம் நிலப்பசியும்

ஞாயிற்றுக்கிழமை காலை காலனி முனையில் ஒரு வேன் வந்து நிற்கிறது. இலவசப் பயணம், மதியம் பிரியாணி, மனை பார்த்துவிட்டு வரலாம். ஏறுகிறவர்கள் யார்? ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் நம் தம்பி. துப்புரவுப் பணியில் ஓய்வு பெற்று, வாழ்வில் முதல்முறையாகக் கையில் சேர்ந்தாற்போல் பணம் பார்த்த பெரியப்பா. மகளிர் குழுவில் கடன் எடுத்த அக்கா. அழைத்துப் போகிறவரும் வெளியாள் இல்லை, நம் மாமாதான். மனைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன்.

தோழர்களே, இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நில உரிமை பற்றிப் பேசுவோம், கருத்தரங்கம் போடுவோம். நம் மக்கள் சொந்தக் காசு கொடுத்து நிலம் வாங்கி ஏமாறும்போது மட்டும் அது அவரவர் குடும்ப விஷயம் ஆகிவிடுகிறது.

மற்றவர்களுக்கு மனை ஒரு முதலீடு. நமக்கு அது காலனியை விட்டு வெளியேறும் வழி. ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். மனை விற்கிறவன் அதைக் கேட்பதில்லை, பணத்தை மட்டும் எண்ணுகிறான். சாதி கேட்காத ஒரே ஆள் இவன்தான் என்ற மயக்கத்தில் நாமும் அவனை ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

நம் பகுதித் தோழர் ஒருவர் மாதம் 2,000 ரூபாய் வீதம் 50 மாதம் கட்டினார். ஒரு தவணைகூடத் தவறவில்லை. முடிந்ததும் பத்திரம் கேட்டுப் போனார், அலுவலகம் பூட்டியிருந்தது. அவரிடம் 50 ரசீது இருந்தது. அத்தனையிலும் ‘முன்பணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. சர்வே எண் இல்லை, மனை எண் இல்லை, கிராமத்தின் பெயர்கூட இல்லை. அவர் ஒரு லட்சம் கொடுத்து வாங்கியது அந்த ரசீதுக் கட்டை மட்டுமே.

இது சின்னக் கம்பெனிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். விவசாய நிலம் தருவதாகச் சொல்லி பி.ஏ.சி.எல். நிறுவனம் நாடு முழுவதும் 5 கோடிக்கும் அதிகமானவர்களிடம் வசூலித்தது சுமார் 49,100 கோடி ரூபாய். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி செபி 2014இல் உத்தரவிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. கட்டியவர்களில் பெரும்பாலோர் சிறுகச் சிறுகக் கட்டிய ஏழைகள். அங்கேயும் வசூலித்தது உறவுக்கார ஏஜெண்டுகள்தாம்.

இனி வட்டிக் கணக்கு. நமக்கு வங்கிக் கடன் சுலபத்தில் கிடைப்பதில்லை. அங்கீகாரம் இல்லாத மனை என்றால் வங்கி திரும்பியும் பார்க்காது. ஆகவே நூற்றுக்கு மூணு வட்டிக்கு வாங்குகிறோம். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி. அந்த மனை ஆண்டுக்கு 36 சதவீதம் விலை ஏறினால்தான் நம் கை கடிக்காது. எந்த ஊர் மனை ஆண்டுதோறும் அப்படி ஏறுகிறது? முறையான வங்கிக் கடனே என்றாலும், 10 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டு கட்டினால் மொத்தம் 21 லட்சத்துக்கு மேல் போகும். அவசரத்துக்கு நகையை ஒரே நாளில் அடகு வைக்கலாம். மனையை விற்க ஆள் தேடி ஆறு மாதம் அலைய வேண்டும். காலனியை ஒட்டிய மனை என்றால் வெளியாள் வாங்கவே யோசிப்பான். நிலத்தின் விலையிலும் சாதி இருக்கிறது. எந்த விளம்பர நோட்டீசும் அதைச் சொல்லாது.

எல்லாவற்றையும்விட நம்மைக் கொதிக்க வைப்பது வேறொன்று. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம்மவரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்களை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அப்படிப்பட்ட நிலங்கள் கைமாறி, மனைகளாகக் கூறு போடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அந்த வேனில் நம் ஆட்களையே கொண்டுபோய் அவர்களிடமே விற்கவும் செய்கிறார்கள். பாட்டனிடம் பிடுங்கியதைப் பேரனுக்குத் தவணையில்! நிபந்தனையை மீறிய கைமாற்றம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இடையில் ஒரு கை தவறாக மாறியிருந்தாலும் கடைசியில் வாங்கிய நம் தலையில்தான் விடியும்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது என்பார்கள். பதிவான கைமாற்றங்களும் அடமானங்களும்தான் அதில் வரும். பஞ்சமி நிலமா என்பது அதில் தெரியாது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய அ-பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். டி.சி. என்ற குறிப்பு அதில் இருக்கும். யு.டி.ஆர். கணக்கெடுப்பின்போது விட்டுப்போன இடங்களும் உண்டு என்பதால் அதற்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் நகல் வாங்கலாம், செலவு அதிகமில்லை.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தலைவரின் முத்திரை மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது, டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது, கட்டிய பணமும் கையுமாக நம் மக்கள் பதிவு அலுவலக வாசலில் நின்றது நினைவிருக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெராவில் பதிவு வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். 50 மாதம் வெறும் ரசீதில் வாங்குகிறவன் எந்தச் சட்டத்தில் வாங்குகிறான் என்று மாமாவிடம் கேளுங்கள். பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலம் நம் பெயருக்கு வந்துவிட்டது என்றும் இருந்துவிடாதீர்கள். பவரும் விற்பனை ஒப்பந்தமும் மட்டும் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் நிலமே வாங்கக் கூடாதா என்று ஒரு தம்பி கேட்டார். வாங்க வேண்டும். நாம் வாங்காமல் வேறு யார் வாங்குவது? ஆனால் பெரியப்பாவின் ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரே நோட்டீசை நம்பிப் போடுவது நில உரிமை ஆகாது. மாமாவையும் எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவரும் வேலையில்லாமல்தான் கமிஷனுக்குப் போயிருக்கிறார், முதலில் ஏமாந்ததும் பெரும்பாலும் அவர்தான்.

இந்த மாதம் நம் படிப்பகத்தில் ஒரு மேசை போடுகிறோம். சட்டக் கல்லூரித் தோழர்கள் இருவர் உட்காருவார்கள். வீட்டில் உள்ள ரசீது, பவர், பட்டா நகல் எதுவானாலும் எடுத்து வாருங்கள். சர்வே எண் கிடைத்தால் அங்கேயே மனு எழுதிவிடலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், வேன் எட்டு மணிக்கு வருகிறது.