புலிக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயமா?

ஜூலை 29 புலிகள் தினத்துக்கு எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள், சந்தோஷம். அதே வாரம் நம்ம குடும்பக் குரூப்பில் மதனகாமப்பூ லேகியத்துக்கு ஒருவர் சிபாரிசு! வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

அது பூவே இல்லை. சைகஸ் மரத்தின் ஆண் கூம்பு. பார்க்கப் பனை, ஈச்சம் மாதிரி இருக்கும். ஆனால் டைனோசர்களுக்கும் முந்திய வம்சம். மேலநீலிதநல்லூரிலிருந்து மேற்கே தெரிகிறதே, அந்தத் தொடர்ச்சி மலைக்காரன். உலகச் சிவப்புப் பட்டியலில் புலியும் இந்த மரமும் ஒரே வரிசை: அழியும் ஆபத்தில் உள்ளவை.

புலிக்கு 1973 முதல் தனித் திட்டம் உண்டு. 2022 கணக்கில் 3,682 என்று தலை எண்ணினோம். இந்த மரத்தை யார் எண்ணினார்கள்? காப்பகத்துக்குள் நிற்கும் மரத்துக்கும் அதே காவல்தானே சார் என்பீர்கள். புலித்தோலைக் கடையில் தொங்கவிட்டால் ஜெயில். இந்தக் கூம்பை நாட்டுமருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், பொட்டலம் கட்டித் தருவார்கள்.

சைகஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் கூம்பையெல்லாம் வெட்டிவிட்டால் மகரந்தம் ஏது, விதை ஏது? எலும்பில் வீரியம் இருக்கிறதென்று புலியைக் கொன்றவர்களைத் திட்டினோமே, நாம் செய்வது மட்டும் என்னவாம்?

லேகியம் சொன்ன மாப்பிள்ளை, அந்தப் பதிவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ராத்திரி போன் பண்ணுவேன்.