ஹஜ் பயணம்: உடல்நலமும் அமானிதமே

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 ஹாஜிகள் வஃபாத்தானார்கள். அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அனுமதி இல்லாதவர்கள் குளிரூட்டப்பட்ட கூடாரமோ பேருந்தோ இன்றி நெடுந்தூரம் நடந்தார்கள்.

விசிட் விசாவில் குறைந்த செலவில் ஹஜ் என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகளை நம்பி, வயதான பெற்றோரை நாம் அனுப்பலாமா? முறையாகச் செல்வோரும் 10 நாட்களுக்கு முன்பே மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். இயலாதவர் கல்லெறிய வேறொருவரை நியமிக்க மார்க்கம் அனுமதிக்கிறது.

சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. பணம் மட்டுமல்ல, உடல்நலமும் பாதுகாப்பான வழியும் அந்தச் சக்தியில் அடங்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.