சார்ட் பார்த்து டெக் பங்குகளில் டிரேடிங்: கேண்டில் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

2024 ஜனவரி 31. பங்குச் சந்தை மூடிய பிறகு, ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவை வெளியிட்டது. பிப்ரவரி 29-க்குப் பிறகு பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிய டெபாசிட் எதையும் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். அன்று 761 ரூபாயில் முடிந்திருந்த பேடிஎம் பங்கு, மறுநாள் 20% சரிந்து 609 ரூபாய்க்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் மேலும் 20% சரிவு. விலை 487 ரூபாய்.

‘சார்ட் சூப்பரா இருக்கு, நாலு நாள்ல வித்துட்டு வந்துடலாம்’ என்று 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தவரின் கையில் இரண்டே நாளில் மிஞ்சியது சுமார் 64,000 ரூபாய். போட்ட காசு திரும்பி வரவே பங்கு 56% ஏற வேண்டும். சார்ட்டில் இருந்த எந்தக் கோடும் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

சார்ட் பேட்டர்ன் என்றால் என்ன?

சார்ட்டில் உள்ள ஒவ்வொரு ‘கேண்டி’லும் நான்கு விலைகளைக் காட்டுகிறது: தொடக்க விலை, அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை, முடிவு விலை. இறங்கிய விலை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நின்று மேலே திரும்பினால், அந்த இடம் ‘சப்போர்ட்’. ஏறிய விலை ஒரே இடத்தில் முட்டித் திரும்பினால் அது ‘ரெசிஸ்டன்ஸ்’. அதிக வால்யூமோடு ரெசிஸ்டன்ஸைத் தாண்டினால் ‘பிரேக்அவுட்’. ‘ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்’, ‘டபுள் பாட்டம்’ போன்றவை எல்லாம் இந்த அடிப்படையில் உருவான வடிவங்கள்தான்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை, முழுக்க ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. எந்த விலையில் ஆட்கள் வாங்க வந்தார்கள், எந்த விலையில் விற்றுவிட்டு ஓடினார்கள் என்பதன் பதிவு அது. எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது என்று திட்டமிட உதவும். ஆனால், அதில் இருப்பது நேற்று வரை நடந்தது மட்டுமே.

டெக் பங்குகளில் ஆபத்து ஏன் அதிகம்?

டெக் நிறுவனப் பங்குகளின் விலையில் பெரும்பகுதி, இனிமேல் வரப்போகும் லாபத்தின் மீதான எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு ஒரு செய்தியில் மாறினால் விலை படிப்படியாக இறங்காது; ஒரே தாவலில் கீழே போய்விடும்.

இன்ஃபோசிஸ் நல்ல உதாரணம். 2023 ஏப்ரல் 13 அன்று, சந்தை நேரம் முடிந்த பின் காலாண்டு முடிவுகள் வந்தன. அடுத்த நிதியாண்டில் வருவாய் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் இருக்கும் என்றது நிறுவனம். மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை, அடுத்து சனி, ஞாயிறு. திங்கள்கிழமை சந்தை திறந்தபோது விற்க நினைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். அன்று பங்கு 9 சதவீதத்துக்கு மேல் சரிந்து முடிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சீனாவின் டீப்சீக் ஏஐ மாடல் பற்றிய செய்தி பரவிய 2025 ஜனவரி 27 அன்று, என்விடியா பங்கு ஒரே நாளில் சுமார் 17% விழுந்தது.

ஸ்டாப்லாஸ் போட்டால் தப்பிக்கலாமே?

சாதாரண நாட்களில், ஓரளவுக்கு. 740 ரூபாய்க்கு ஸ்டாப்லாஸ் போட்டிருந்தாலும், பங்கு நேராக 609-இல் திறந்தால் 740-இல் வாங்க ஆள் இருக்காது. பங்கு ‘லோயர் சர்க்யூட்’டில் சிக்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்போது விற்பவர்கள் மட்டுமே வரிசையில் நிற்பார்கள். ஆர்டர் அப்படியே கிடக்கும்.

அன்றன்றே வாங்கி விற்கும் இன்ட்ராடேயில் இரவுச் செய்தி பற்றிய பயம் இல்லை. அங்கே ஆபத்து கடனில் இருக்கிறது. புரோக்கர்கள் அதிகபட்சம் 5 மடங்கு வரை மார்ஜின் தருகிறார்கள். 25,000 ரூபாயை வைத்து 1.25 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கலாம். பங்கு 4% இறங்கினால் 5,000 ரூபாய் காலி. அதாவது, கைக்காசில் 20%. டெக் பங்குகளுக்கு ஒரே நாளில் 4% என்பது அபூர்வமான நகர்வு அல்ல.

கணக்கு என்ன சொல்கிறது?

பங்குகளில் இன்ட்ராடே செய்யும் தனிநபர்கள் பற்றிய ஆய்வை 2024 ஜூலையில் செபி வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் 10-இல் 7 பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் டிரேட் செய்தவர்களில் நஷ்டமடைந்தவர்கள் 80%. ‘நிறைய டிரேட் பண்ணா கை பழகிடும்’ என்ற நம்பிக்கைக்கு இந்த எண் இடம் தரவில்லை.

இன்னொரு விஷயம், செலவு. நஷ்டமடைந்தவர்கள், தங்கள் டிரேடிங் நஷ்டத்தில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைப் புரோக்கரேஜ், வரி, கட்டணங்களாகக் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். 10,000 ரூபாய் நஷ்டம் என்றால், செலவு மேலும் 5,700 ரூபாய்.

30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு 2018-19-இல் 18% ஆக இருந்தது. 2022-23-இல் 48% ஆனது. அந்த வயதினரில் நஷ்டமடைந்தவர்கள் 76%. வேலைக்குச் சேர்ந்து முதல் சில வருடச் சேமிப்பு போகும் இடங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

வீடியோவில் மட்டும் எப்படி எல்லாம் சரியாக வருகிறது?

முடிந்துபோன சார்ட்டில் பேட்டர்னைக் கண்டுபிடிப்பது சுலபம். ஜெயித்த பிரேக்அவுட்டைக் காட்டுவார்கள். அதே வடிவத்தில் வந்து தோற்ற பத்து பிரேக்அவுட்டைக் காட்ட மாட்டார்கள். ‘பங்குச் சந்தைக் கல்வி மட்டுமே தருகிறோம்’ என்பவர்கள், முந்தைய மூன்று மாத விலைத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியதும் இதையொட்டித்தான். பாடம் என்ற பெயரில் டிப்ஸ் கொடுப்பதைத் தடுப்பதே நோக்கம்.

இறங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை

காலாண்டு முடிவு வரும் தேதி என்ன? அதற்கு முன்பே வெளியே வர முடியுமா? ஸ்டாப்லாஸ் வேலை செய்யாமல் 20% போனால் வீட்டுச் செலவு, இஎம்ஐ பாதிக்குமா? பரிந்துரைப்பவர் செபியில் பதிவு செய்தவரா? இதை செபி இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேலை: கட்டணம் எல்லாம் கழித்து, கடந்த 6 மாத லாப நஷ்டத்தை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. ஜெயித்த டிரேட்கள் மனதில் நிற்கும். தோற்றவை புரோக்கரின் ஸ்டேட்மென்ட்டில்தான் இருக்கும்.