பிள்ளையின் படத்தை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள்



வருட இறுதி வந்தால் யாழ்ப்பாணத்தில் முன்பள்ளிகளுக்குப் பட்டமளிப்புக் காலம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்புக் கவுன், தலையில் தொப்பி, கையில் றிபன் கட்டிய சுருள். ஸ்டூடியோக்காரர் வருவார். பெரிய படம், சின்னப் படம், பிறேம், அல்பம் எல்லாம் சேர்த்து ஒரு பெக்கேஜ். சில இடங்களில் காசு கட்டாத பிள்ளையை வரிசையை விட்டு விலத்தி நிறுத்துகிறார்கள். அந்தப் பிள்ளைதான் பிறகு எங்கள் முதலாம் தர வகுப்புக்கு வருகிறது. பாடம் தொடங்க முன்னரே தன் இடம் பின்னால்தான் என்று படித்துக்கொண்டு வருகிறது.

இதைச் சொன்னால், "படமே கூடாது என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். அந்த மார்க்க விவாதத்தை உலமாக்கள் பேசட்டும். நாங்கள் பேசுவது காசையும் பிள்ளையின் மனத்தையும் பற்றி.

படத்தின் அருமை எங்களுக்குத் தெரியாததா? 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறச் சொல்லிப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். பணமும் நகையும் பறிபோயின. சோனகத் தெரு வீடுகளின் சுவரில் தொங்கிய படங்கள் சுவரிலேயே நின்றுவிட்டன. புத்தளத்துக் குடிசைகளில் வளர்ந்த எத்தனையோ பேருக்குத் தங்கள் சின்ன வயது முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழ் மக்களும் மழையில் இடம்பெயர்ந்தார்கள். அவர்களின் அல்பங்களுக்கும் அதே கதிதான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்துக்கு அமர்ந்த தாய்மாரின் கைகளைப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்குச் சாட்சியாக அவர்கள் தூக்கிப் பிடிப்பதும் ஒரு படத்தைத்தான்.

அதனால்தான் சொல்கிறோம்: இந்த மண்ணில் பிள்ளையின் படம் ஆடம்பரப் பொருள் அல்ல. ஆடம்பரம் இல்லையென்றால் அதைக் காசு உள்ளவனுக்கு மட்டும் விற்பது எப்படி நியாயம்? 1945 முதல் இலவசக் கல்வி என்று பெருமை பேசும் நாட்டில், கூலி வேலை செய்யும் வாப்பா ஒரு கவுனுக்காகக் கடன் கேட்டு அலைவது என்ன நீதி?

ஸ்டூடியோக்காரர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அது அவர்களின் தொழில். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அவர்களின் வருமானமும் சுருங்கிவிட்டது. விரும்பிய பெற்றார் முதல் பிறந்தநாளுக்கும் எடுக்கட்டும், பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் எடுக்கட்டும். அந்தக் கவுன் படித்துப் பெற்றது. ஐந்து வயதில் வாடகைக்குப் போடும் கவுன் எதற்கு? எங்கள் கேள்வி, அதைக் கட்டாயமாக்கும் நிர்வாகங்களிடமும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறேமைப் பார்த்துத் தன் பிள்ளையின் பிறேமைப் பெரிதாக்கும் பெற்றாரிடமும்தான்.

செய்யக்கூடியது கஷ்டமானதல்ல. முதலாம் தரம், ஐந்தாம் தரம், சாதாரண தரம், உயர்தரம் என நான்கு கட்டத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு படம். செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கட்டும். சீருடையே போதும். எவரும் விடுபடக் கூடாது. பின்பக்கத்தில் எல்லோர் பெயரும் வருடமும் எழுதுங்கள். ஒரு பிரதி பாடசாலையில் இருக்கட்டும், இன்னொன்றை நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுங்கள். வீடு போனாலும் முகம் மிஞ்சும்.

கடைசியாக, யாழ்ப்பாணத்துத் தமிழ் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1990 க்கு முந்திய வகுப்புப் படங்கள் உங்கள் வீட்டு அலுமாரிகளில் இருக்கலாம். அதில் உங்களோடு நிற்கும் முஸ்லிம் பிள்ளைகள் இன்று புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் பேரப்பிள்ளை கண்டவர்கள். தங்கள் முகத்தை அவர்கள் காணக் கிடைக்கும் ஒரே இடம் உங்கள் அல்பமாக இருக்கலாம். தேடி எடுத்து ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.