பூட்டியவன் குற்றமா?

திருட்டுப் போன வீட்டுக்காரனுக்கு உபதேசம் செய்வதில் நம்மவர்களுக்கு ஒரு தனி ஆனந்தம். "தாழ்ப்பாளைச் சரியாகப் போட்டிருக்கக் கூடாதோ?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். திருடனைக் கேட்க முடியாது, அவன் அகப்படவில்லை. பூட்டுச் செய்தவனைக் கேட்கலாம், யாரும் கேட்பதில்லை. அகப்பட்டவன் வீட்டுக்காரன் ஒருவன்தானே!

வைஃபை ரௌட்டர் விஷயத்தில் இந்த உபதேசம் ஒரு சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. ஜனங்கள் அசட்டையாக இருக்கிறார்களாம், பாஸ்வேர்டை மாற்றுவதில்லையாம், ஆகவே வருவதை அனுபவிக்க வேண்டியதுதானாம். இந்தக் கட்சியை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அசட்டை என்பதே கிடையாது என்று சாதிக்க வரவில்லை. 2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு ஈமெயில் வந்தது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிய போலீஸார் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் வீட்டு வைஃபைக்குப் பூட்டே இல்லை. யாரோ ஒருவன் அவருடைய கம்பியில்லா இணைப்பில் புகுந்து தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டான். விசாரணையும் சந்தேகமும் அந்த மனிதர் தலையில் விடிந்தன. பூட்டாத வீட்டின் கதை இது. சரி, பூட்டிய வீடுகளின் கதை என்ன?

2006-இல் வைஃபை கூட்டமைப்பு 'டபிள்யூ.பி.எஸ்.' என்றொரு வசதியைக் கொண்டு வந்தது. நீளமான பாஸ்வேர்டை அடித்துக் கஷ்டப்பட வேண்டாம். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எட்டு இலக்க எண்ணைச் சொன்னால் போதும், உள்ளே விட்டுவிடும். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள். யார் உட்கார்ந்து தேடப் போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் என்பவர் இந்தப் பூட்டின் அழகை வெளியிட்டார். எட்டாவது இலக்கம் முந்தைய ஏழையும் வைத்துக் கணக்கிட்டுப் போட்டது. அதைத் தேடவே வேண்டாம். அதைவிடப் பெரிய கூத்து, ரௌட்டர் எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது என்பது. முதல் நான்கு இலக்கம் தவறென்றால் அங்கேயே தெரிந்துவிடும். வாசற்காவலன் ஒருவன், "ஐயா, நீங்கள் சொன்ன அடையாள வார்த்தையில் முன்பாதி சரி, பின்பாதியை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்" என்று திருடனுக்கு எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்! முன்பாதிக்கு 10,000, பின்பாதிக்கு 1,000. ஆக 11,000 முயற்சிகள்தான். ஒரு முயற்சிக்கு இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். வீட்டார் தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்துவிடும். இத்தனை தவறுக்குப் பிறகாவது கதவை அடைத்துக்கொள்ளும் புத்தி அந்நாளைய ரௌட்டர்களில் பலவற்றுக்கு இல்லை. எண் கிடைத்துவிட்டால் பாஸ்வேர்டையும் ரௌட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். இருபது எழுத்தில் பாஸ்வேர்ட் வைத்த ஜாக்கிரதைக்காரரும் ஒன்றுதான், 'அட்மின்' என்று விட்டுவைத்த சோம்பேறியும் ஒன்றுதான். இதில் வீட்டுக்காரன் குற்றம் எங்கே இருக்கிறது?

இது கவனக்குறைவு என்றால், 2013-இல் தெரியவந்ததற்கு என்ன பெயர் வைப்பது? டி-லிங்க் ரௌட்டர்கள் சிலவற்றின் உள்நிரலைப் பிரித்துப் படித்த கிரெய்க் ஹெஃப்னர், அதில் ஒரு ரகசியச் சொற்றொடரைக் கண்டுபிடித்தார். வருகிற பிரவுசர் அந்தச் சொற்றொடரைத் தன் பெயராகச் சொன்னால் போதும். ரௌட்டர் பாஸ்வேர்டே கேட்காமல் நிர்வாகப் பக்கத்தைத் திறந்துவிடும். அதன் எழுத்துக்களைப் பின்னாலிருந்து படித்தால் 'பேக்டோர்', அதாவது கொல்லைப்புற வாசல், என்ற வார்த்தை அதற்குள்ளேயே இருந்தது! கொத்தனாரே கொல்லையில் வழி வைத்துவிட்டுப் போன வீட்டில், முன்கதவுக்கு எத்தனை பூட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?

இவை ஒரு வீட்டோடு நிற்கும் சங்கதிகளும் அல்ல. 2016-இல் 'மிராய்' என்ற நிரல் உலகெங்கும் உள்ள காமிராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்தது. அது கைக்கொண்ட மந்திரம், தொழிற்சாலையில் வைத்த பெயரும் பாஸ்வேர்டுமாகச் சுமார் அறுபது ஜோடிகள். அவ்வளவே. அக்டோபர் 21 அன்று அந்தச் சேனை டைன் என்ற கம்பெனியைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பல மணி நேரம் தத்தளித்தன. பிடிபட்ட கருவிகள் சிலவற்றில், உடையவன் ஆசைப்பட்டாலும் பாஸ்வேர்டை மாற்ற இடமே வைக்கவில்லை.

"மலிவாகக் கொடுக்க வேண்டாமா? ஜனங்கள் சுலபத்தைத்தானே கேட்கிறார்கள்?" என்பார்கள். திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர், மலிவுக்காக ஊரிலுள்ள பூட்டுக்கெல்லாம் ஒரே சாவி போட்டு விற்றால் அவரை யாராவது சும்மா விடுவார்களா? அந்தத் தொழிலாளிக்கு உள்ள தர்மம் பெரிய கம்பெனிக்கு மட்டும் கிடையாதா?

இது நடவாத காரியமும் அல்ல. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் இருக்க வேண்டும், அல்லது முதல் உபயோகத்திலேயே புதிதாக ஒன்றை வைக்கச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் சட்டம். எல்லாக் கருவிக்கும் பொதுவான பாஸ்வேர்ட் கூடாதென்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010-இல், வைஃபையைத் தக்கபடி பூட்டாத வீட்டுக்காரன்மேல் பொறுப்பு வைத்தது. அதே நீதிமன்றம் 2016-இல், கருவிக்கென்றே தனியாகத் தொழிற்சாலை கொடுத்த பாஸ்வேர்டை நம்பியவன்மேல் குற்றமில்லை என்றது. நியாயம் என்றால் இது நியாயம்.

வாசகர்கள் தங்கள் வீட்டு ரௌட்டரில் டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைக்கட்டும், நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது, வேகம் எத்தனை, விலை எத்தனை என்று கேட்பதோடு, "இதே சாவி இன்னும் எத்தனை வீட்டுக்கு ஐயா?" என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். காசு வாங்குகிறவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.