எடிட்டர் சண்டையில் தமிழ் எங்கே?

யாழ்ப்பாணத்து இளைய நிரலாளர்கள் ‘விம்’ பெரிதா, ‘விஎஸ் கோட்’ பெரிதா என்று ஓயாமல் வாதிடுகிறார்கள். வேகம், நிறம், குறுக்குவிசை யாவும் அலசப்படுகின்றன. தமிழ்க் கோப்பை எது காக்கும் என்று கேட்பாரைக் காணோம். எழுத்தோடு உழன்ற பத்திரிகைக்காரன் நான், அதையே கேட்கிறேன்.

எங்கள் பத்திரிகை அலுவலகங்களை நெடுங்காலம் ஆண்டது பாமினி எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை நீக்கினால் மொழியே மறைந்துவிடும்.

யுனிகோடுக்கு மாறினாலும் விழிப்பு வேண்டும். பழைய நோட்பேடில் ‘ஆன்சி’ முறையில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். 2019இல்தான் அது யுடிஎஃப்-8ஐ இயல்பு முறையாக ஏற்றது. முனையத்தில் இயங்கும் விம்மில் கொம்பும் காலும் இடம் பிறழ்ந்து தெரிவதுண்டு; ஆயினும் கோப்புப் பழுதாவதில்லை. தோற்றப் பிழை வேறு, சேமிப்புப் பிழை வேறு.

எடிட்டர்கள் வரும், போகும். ‘ஆட்டம்’ என்ற எடிட்டரை 2022 டிசம்பரில் கிட்ஹப் கைவிட்டது. அதில் எழுதிய யுடிஎஃப்-8 கோப்புகளை நோட்பேட் பிளஸ் பிளஸ் இன்றும் தடையின்றித் திறக்கிறது.

1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதற்குத் தீ வைக்கப் பிறர் வந்தார்கள். நமது கோப்புகளை அழிக்க எவரும் வரவேண்டியதில்லை. நமது அசட்டையே போதும்.

நண்பர்களே, விரும்பிய எடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். பாமினிக் கோப்புகளை மட்டும் இவ்வாண்டே யுடிஎஃப்-8க்கு மாற்றிவிடுங்கள்.