அமெரிக்கப் பொதுச் சுகாதார ஊழியர்கள் பணிநீக்கம்: சங்கத்தின் கண்டன அறிக்கை

அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையில் 2025-ஆம் ஆண்டு நடந்த கூண்டோடு பணிநீக்கத்தை, தமிழ்நாட்டில் களப்பணியாற்றும் பொதுச் சுகாதார ஊழியர்களாகிய நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம். 82,000 பேர் பணியாற்றிய துறையை 62,000 பேராகச் சுருக்கப் போவதாக மார்ச் 27 அன்று அறிவித்தார்கள். ஏப்ரல் 1 அதிகாலையில் மின்னஞ்சல்கள் பறந்தன. அவற்றைப் பார்க்காமல் வழக்கம்போல் கிளம்பி வந்தவர்களில் சிலருக்கு, வாசலில் அடையாள அட்டை வேலை செய்யாதபோதுதான் தங்கள் வேலை போனதே தெரிந்தது. இதனால் ஆண்டுக்கு 180 கோடி டாலர் மிச்சம் என்று கணக்கும் காட்டினார்கள்.

அமெரிக்காவில் யார் வேலை போனால் நமக்கென்ன என்று நம் உறுப்பினர்களே சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு அருகே ஓர் ஆலையில் தயாரான கண் சொட்டு மருந்து அமெரிக்கச் சந்தையில் விற்பனையானது. 2022-இல் பல மாநிலங்களில் சிலருக்குக் கண்ணில் தொற்று வந்தது. சிலருக்கு ரத்தத்திலும் நுரையீரலிலும் வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒருவர், இருவர். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் (சிடிசி) ஊழியர்கள் மாநிலங்களோடு சேர்ந்து லைன் லிஸ்ட் (நோயாளிவாரிப் பட்டியல்) போட்டார்கள். கிருமியின் மரபணு வரிசையை ஒப்பிட்டபோது எல்லாம் ஒரே வகை, அதுவரை அந்த நாட்டில் பதிவாகாத வகை. நோயாளிகளிடம் எந்தெந்த மருந்து போட்டீர்கள் என்று கேட்டுக் கேட்டு, பல பிராண்டுகளைக் கழித்து, கடைசியில் அந்தப் பாட்டிலில் வந்து நின்றார்கள். 2023 பிப்ரவரியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. மொத்தம் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். கண்டுபிடிக்க ஆள் இருந்ததால் அது 81-இல் நின்றது. காய்ச்சல் வந்த தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, தொட்டி மூடியைத் திறந்து பார்த்து, மாலையில் பட்டியல் அனுப்பும் நம் வேலைக்கும் இதற்கும் கருவியில்தான் வித்தியாசம்.

இப்படிக் கண்டுபிடிப்பவர்களையும்தான் வெளியே அனுப்பினார்கள். மில்வாக்கி நகரப் பள்ளிக் கட்டடங்களின் பழைய பெயின்டிலிருந்து பிள்ளைகளின் உடம்பில் ஈயம் ஏறுவது தெரியவந்து, நகரச் சுகாதாரத் துறை சிடிசியிடம் உதவி கேட்டது. ஏப்ரலில் மறுப்புதான் வந்தது. அந்த வேலை தெரிந்த குழுவே கலைக்கப்பட்டிருந்தது. மில்வாக்கியில் எங்கள் குழு இருக்கிறது என்று மே மாதம் செனட் குழுவிடம் சொன்னார் துறையின் செயலர் ராபர்ட் கென்னடி ஜூனியர். அப்படி எந்தக் குழுவும் இங்கே இல்லை என்றது நகரம். ஜூனில் அந்த ஊழியர்களைத் திரும்ப அழைத்தார்கள். நீக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரைத் தவறுதலாக நீக்கியிருக்கலாம், திரும்ப எடுக்க வேண்டிவரும் என்று செயலரே ஏப்ரலில் ஒப்புக்கொண்டிருந்தார். யார் என்ன வேலை செய்கிறார் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டுமா?

அக்டோபரில் அரசு முடங்கியிருந்த நேரத்தில் சிடிசியில் மீண்டும் சுமார் 1,300 பேருக்கு நீக்க ஆணை போனது. மறுநாளே ஏறத்தாழ 700 பேருக்கு அது ரத்து. பிழையாக அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஆணை போனவர்களில் சிடிசியின் வாராந்தர நோய் அறிக்கையைத் தயாரிப்பவர்களும் இருந்தார்கள். 1981 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விநோதமான நிமோனியாவைப் பற்றி எழுதி, பின்னால் எய்ட்ஸ் என்று அறியப்பட்ட நோயை உலகுக்கு முதலில் காட்டியது அந்த அறிக்கைதான்.  அரசு முடக்கத்தை முடித்துவைக்க நவம்பரில் நிறைவேறிய சட்டத்தால் அக்டோபர் ஆணைகள் செல்லாமல் போயின. அது ஊழியர் போராட்டத்துக்கும் கிடைத்த பலன்.

ஆம், அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்ட் 8 அன்று தடுப்பூசி மேல் வெறுப்புக் கொண்ட ஒருவன் அட்லாண்டா தலைமையகத்தை நோக்கிச் சரமாரியாகச் சுட்டான். ஒரு காவலர் உயிரிழந்தார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் துறையின் ஊழியர்கள் 750-க்கும் மேற்பட்டோர், எங்களைப் பற்றிப் பொய் பரப்புவதை நிறுத்துங்கள் என்று செயலருக்கே கடிதம் எழுதினார்கள். மாத இறுதியில் சிடிசியின் இயக்குநர் நீக்கப்பட்டதைக் கண்டித்து மூத்த அதிகாரிகள் பதவி விலகியபோது, வாசலில் திரண்டு கைதட்டி வழியனுப்பினார்கள். வேலை போகும் என்று தெரிந்தும் பேசிய அந்தத் தோழர்களுக்கு எங்கள் வணக்கம்.

2000-இல் அமெரிக்காவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட தட்டம்மை, இந்தப் பணிநீக்கங்கள் நடந்த அதே 2025-இல் அங்கே 2,000 பேருக்கு மேல் தொற்றியது. டெக்சாஸில் தடுப்பூசி போடாத இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அது பரவிக்கொண்டிருந்த மார்ச் மாதத்தில்தான் மாநிலங்களுக்கான 1,100 கோடி டாலர் சுகாதார நிதியையும் ரத்து செய்தார்கள்.

வாஷிங்டனைக் கண்டித்துவிட்டுச் சென்னையை விட்டுவிட மாட்டோம். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த சுமார் 2,400 செவிலியர்களை 2022 டிசம்பர் 31-உடன் வீட்டுக்கு அனுப்பியது தமிழக அரசு. பூமாலை போட்டு வரவேற்றதும் இதே அரசு இயந்திரம்தான். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலத்தில், கொசுப்புழு பார்க்கும் ஊழியர் இன்றும் தினக்கூலி.

எனவே, நீக்கப்பட்ட நோய்க் கண்காணிப்பு ஊழியர்கள் அனைவரையும் அமெரிக்க அரசு மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும்; மாநிலங்களின் நிதியைத் திருப்பித் தர வேண்டும். தமிழக அரசு சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் காலியிடங்களை நிரப்பி, ஒப்பந்த ஊழியர்களைக் காலமுறை ஊதியத்தில் நிரந்தரப்படுத்த வேண்டும். மாவட்டக் கிளைகள் இந்த அறிக்கையைச் செயற்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, நகலைச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கும் பொதுச் சுகாதார இயக்குநரகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பொதுச் செயலாளர்